பச்சை உடம்பு யார் பொறுப்பு?

சென்ற மாதம் ஒரு சாதிமறுப்புத் திருமணத்துக்குப் போயிருந்தேன். தாலி இல்லை, புரோகிதர் இல்லை, உறுதிமொழி மட்டும். வாழ்த்துரை வழங்க வந்த மூத்த தோழர் ஒருவர் பேச்சின் வேகத்தில் இப்படிச் சொன்னார்: "என் பாட்டி நடவு நட்டுக்கொண்டிருக்கும்போதே வலி வந்து, வரப்பேறிப் பிள்ளை பெற்றார். கதிர் அரிவாளால் கொடியை அறுத்து, பிள்ளையைத் துணியில் சுற்றி மரத்தடியில் கிடத்திவிட்டு, மிச்ச நடவை முடித்துத்தான் வீடு திரும்பினார். உழைக்கும் மக்களின் உடம்பு அப்படி. படித்த பெண்களுக்குத்தான் இன்று பிள்ளை பெறுவதே ஒரு நோயாகிவிட்டது."

கைதட்டல் எழுந்தது. நடவு நடுகிறவர் கையில் கதிர் அரிவாள் எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. என் இரண்டு வயது மகள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இந்தக் கதை அந்தத் தோழருடையது மட்டுமல்ல. எங்கள் சேரியிலும் உண்டு, உங்கள் ஊரிலும் இருக்கும். எல்லார் வீட்டிலும் வரப்பில் பிள்ளை பெற்ற பாட்டி ஒருத்தி இருக்கிறாள். வியப்பு என்னவென்றால், கதை எப்போதும் அன்று மாலையோடு முடிந்துவிடுகிறது. பாட்டி வீடு திரும்புகிறாள், சுபம். மறுநாள் அவள் எப்படி எழுந்தாள், பத்தாம் நாள் காய்ச்சல் வந்ததா, நாற்பது வயதில் அவளால் சம்மணமிட்டு உட்கார முடிந்ததா என்று யாரும் சொல்வதில்லை. சொல்கிறவர்கள் பேரன்கள். பாட்டி அதைப் பேரனிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

மகளிடமே சொல்லவில்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

என் அம்மா திண்டிவனம் பக்கத்து ஊரில் கூலி வேலை செய்கிறவர். எங்கள் மூவரில் இருவர் வீட்டில் பிறந்தோம், தம்பி மட்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில். எனக்குப் பேறு ஆனதும் அம்மா சென்னைக்கு வந்து என்னோடு இருந்தார். பதினெட்டாம் நாளோ என்னவோ, தும்மினேன். சிறுநீர் கசிந்து புடவை நனைந்தது. முப்பது வயதில் இப்படி ஆகிவிட்டதே என்று நான் அழுதபோது, அம்மா வெந்நீர் வைத்துக்கொண்டே மிகச் சாதாரணமாகச் சொன்னார்: "இதுக்குப் போயி அழுவாங்களா பாப்பா? எனக்கு அடியே எறங்கிப் போயிக் கெடக்குது. ஒன் தம்பி பொறந்ததுலேருந்து."

அடி இறங்குதல் என்றால் கர்ப்பப்பை இறக்கம். கர்ப்பப்பையைத் தாங்கி நிற்கும் இடுப்படித் தசைகளும் தசைநார்களும் பிரசவத்தில் நைந்துபோகின்றன. அவை மீண்டும் இறுக வாரங்களும் மாதங்களும் ஆகும். அதற்குள் குடம் தூக்கினால், கட்டு சுமந்தால், குத்தவைத்து மணிக்கணக்கில் வேலை செய்தால், அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றால், கர்ப்பப்பை கீழே சரிந்து பிறப்புறுப்பு வழியே வெளியே தெரியவும் செய்யும். அம்மாவுக்குத் தெரிகிறது. கிழிந்த வேட்டித் துணியை மடித்து அழுத்திக் கட்டிக்கொண்டு இருபத்தெட்டு ஆண்டுகளாகக் களை வெட்டியிருக்கிறார், ஏரி வேலைக்குப் போயிருக்கிறார், என்னைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்க மூன்று பேருந்து மாறி வந்திருக்கிறார். அப்பாவுக்குத் தெரியாது. "ஆம்பளகிட்ட சொல்ற சமாச்சாரமா?" என்றார்.

தம்பி பிறந்த இருபத்திரண்டாம் நாள் மல்லாட்டை பிடுங்கப் போனாராம். போகாவிட்டால் அந்த வீட்டில் அடுத்த சாகுபடிக்குக் கூப்பிட மாட்டார்கள். உழைக்கும் மக்களின் உடம்பு அப்படி என்றாரே தோழர், அந்த உடம்பு இதுதான். அது இரும்பாக இருக்கவில்லை, இரும்பாக இருப்பதுபோல் நடித்தது. நடிக்காவிட்டால் கூலி கிடையாது. நிலம் இல்லாதவளுக்கு ஓய்வு இல்லை என்பதைச் சாதி ஏற்பாடு செய்து வைத்தது. அந்த ஏற்பாட்டையே நாம் நம் வீரமாக மேடையேற்றிக் கைதட்டுகிறோம். ஆண்டை சொல்ல வேண்டிய வசனம் அது. "இவளுகளுக்கு ஒண்ணும் ஆவாது, பெத்துப் போட்டுட்டு வந்துருவாளுக" என்று களத்துமேட்டில் எத்தனை ஆண்டைகள் சொல்லியிருப்பார்கள்!

தமிழ்நாடு இந்த விஷயத்தில் முன்னேறிய மாநிலம் என்பதை நான் மறுக்கவில்லை. 2018-20 கணக்குப்படி லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54 பேர். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவமனைகளில் நடந்திருக்கின்றன. கிராமம் கிராமமாக நடந்த செவிலியர்களும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் சாதித்தது இது. மரபுவழி என்ற பெயரில் வீட்டிலேயே பிள்ளை பெறச் சொல்லும் கூட்டத்தாரோடு என்னைச் சேர்த்துவிடாதீர்கள். 2018இல் திருப்பூரில் காணொளி பார்த்துப் பிரசவம் பார்த்ததில் ஒரு பெண் ரத்தப்போக்கில் இறந்ததை மறந்துவிட முடியாது.

ஆனால் சாகாமல் இருப்பது மட்டுமா நலம்? அந்தப் பட்டியலில் என் அம்மா ஒரு வெற்றி. மூன்று பிரசவம், மூன்று பிள்ளைகள், தாய் உயிரோடு. இறங்கிய கர்ப்பப்பைக்கு அதில் கட்டம் இல்லை. அதே குடும்பநல ஆய்வு தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கு மேல், 53.4 விழுக்காட்டினர், ரத்தசோகையோடு இருப்பதாகச் சொல்கிறது. அந்த ஆய்வில் 44.9 விழுக்காட்டுப் பிரசவங்கள் அறுவை சிகிச்சையில் நடந்திருக்கின்றன. தனியார் மருத்துவமனைகளில் அது 63.8. வயிற்றைக் கிழித்துத் தைத்த பெண்கள் இத்தனை பேர் வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆனார்கள்? அரசின் இலவசப் பிரசவத் திட்டம் சாப்பாடு தருவது சுகப்பிரசவத்துக்கு மூன்று நாள், அறுவைக்கு ஏழு நாள். எட்டாம் நாள் முதல் அவள் யார் பொறுப்பு?

தாய்வீட்டின் பொறுப்பு என்பார்கள். நம் மொழியில் 'பச்சை உடம்பு' என்று ஓர் அருமையான சொல் இருக்கிறது. பெற்ற உடம்பு ஆறாத புண் என்று தெரிந்தவர்கள் உண்டாக்கிய சொல். வேது பிடிப்பது, வயிற்றைக் கட்டுவது, பூண்டுக் குழம்பு, பால் ஊறச் சுறாப்புட்டு என்று அதைச் சுற்றி ஒரு கவனிப்பு முறையும் இருக்கிறது. அதில் தேவையில்லாதவையும் உண்டு. தண்ணீர்கூடத் தராமல் பத்தியம் போடுகிற கொடுமை உண்டு. ஆனாலும் பெற்றவளைப் படுக்கவைக்க வேண்டும் என்ற அறிவு அதில் இருக்கிறது.

அந்த அறிவு எந்தத் தெருவோடு நின்றது என்பதுதான் கேள்வி. ஊர்த்தெருவில் ஒரு பெண் நாற்பது நாள் படுத்திருக்கிறாள் என்றால், அவளுடைய ரத்தத் துணியை அலசியவர் ஒருவர், நஞ்சுக்கொடியைப் புதைத்தவர் ஒருவர், பிள்ளையைக் கையில் வாங்கிய மருத்துவச்சி ஒருவர். வண்ணார் வீட்டுப் பெண், நாவிதர் வீட்டுப் பெண், சேரிப் பெண். வேலை அவர்களுக்கு, தீட்டும் அவர்களுக்கு. மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம் தீட்டு நாட்களைக்கூட வருணத்துக்கு வருணம் அளந்து கொடுக்கிறது: பிராமணருக்குப் பத்து நாள், சூத்திரருக்கு ஒரு மாதம். தீட்டுக்கு இவ்வளவு கணக்குப் பார்த்த சமூகம் ஓய்வுக்குக் கணக்கே வைக்கவில்லை. அடுத்தவள் பச்சை உடம்பைக் கழுவிவிட்ட பெண்ணுக்குத் தன் பச்சை உடம்பு எத்தனை நாள் பச்சையாக இருந்தது என்று எந்தச் சாஸ்திரத்திலும் எழுதவில்லை.

தாய்வீடு என்பது பாசத்தால் மட்டும் ஆன இடமுமல்ல. அது சாதியால் கட்டப்பட்ட வீடு. சாதி மீறியவளுக்கு முதலில் சாத்தப்படும் கதவு அதுதான்.

என் தோழி ஒருத்தி, ஆதிக்கச் சாதியில் பிறந்தவள், என் சமூகத்து இளைஞரை மணந்தாள். அரசு மருத்துவமனையில் பிரசவம். பேறுகால வார்டில் ஆண்களுக்கு அனுமதி இல்லை, அது சரிதான். ஆனால் "கூட யாரும்மா வந்திருக்கா?" என்ற கேள்வி அங்கே மணிக்கொரு தரம் வரும். செவிலியர் கேட்பார், ஆயா கேட்பார், சோறு போடுகிறவர் கேட்பார். ஒவ்வொரு முறையும் "யாரும் வரல" என்று சொல்லியிருக்கிறாள். பக்கத்துக் கட்டில் பெண்ணின் தாயார்தான் இரண்டு நாள் இவளுக்கும் கஞ்சி ஊற்றிக் கொடுத்து, கழிவறைக்குக் கைபிடித்து அழைத்துப் போயிருக்கிறார். ஏழாம் நாள் வீட்டுக்கு வந்த பிறகு தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்தால் பேச்சில்லை. பின்னால் குழந்தை அழுதது. அந்த அழுகை முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிட்டார்கள். அவளுடைய அம்மாவாகத்தான் இருக்கும் என்று இன்றும் நம்புகிறாள். அடுத்த நான்கு மாதங்கள் அவள் தலைசீவவில்லை, கூட்டங்களுக்கு வரவில்லை, அழைத்தால் எடுக்கவில்லை. "கல்யாணம் ஆனதும் இயக்கத்தை மறந்துட்டாங்க" என்று நம்மில் சிலர் பேசிக்கொண்டோம். நானும் அந்தச் சிலரில் இருந்தேன்.

அவளுடைய இணையர் அந்த நான்கு மாதமும் ஒரு கூட்டம் தவறவில்லை. மேடையில் நன்றாகப் பேசுகிறவர், இப்போதும் பேசுகிறார்.

எனக்குத் தாய்வீடு இருந்தது, ஒற்றை அறையில், அம்மா வடிவில். ஆனாலும் சாதி வேறு வாசல் வழியாக வந்தது. என் இணையர் வேறு சாதி. எங்கள் திருமணத்துக்கு வராத அவருடைய தாயார், பேத்தி பிறந்த முப்பதாம் நாள் மோதிரத்தோடு வந்தார். கையில் தூக்குவாளி. அம்மா காலையிலிருந்து கருவாட்டுக் குழம்பும் கீரையும் சமைத்து வைத்திருந்தார். வந்தவர் கட்டிலில் என் பக்கத்தில் அமர்ந்து, தான் கொண்டுவந்த சோற்றைத் தானே போட்டு உண்டார், எனக்கும் ஊட்ட வந்தார். தண்ணீர்கூடப் புட்டியில் கொண்டுவந்திருந்தார். "எங்க வீட்டு மூக்கு" என்று குழந்தையின் மூக்கைத் தடவினார். அம்மா அந்த ஒரு மணி நேரமும் பின்பக்கம் துணி துவைத்தார். துவைத்த துணியையே திரும்பத் துவைக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. ஐந்து ஆண்டுகளாகச் சாதி எதிர்ப்புக் கட்டுரைகள் எழுதுகிறேன். அன்று தையல் போட்ட உடம்போடு எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. வாயைத் திறந்து அந்தச் சோற்றை வாங்கிக்கொண்டேன்.

அம்மா மறுவாரம் ஊருக்குப் போய்விட்டார். ஆடு இருக்கிறது, நூறு நாள் வேலை வந்துவிட்டது என்றார்.

அதன் பிறகுதான் எனக்கு அது தொடங்கியது. குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வராது. மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனால், கையில் இருக்கும் குழந்தையை விட்டுவிடுவேனோ என்று ஒரு காட்சி கண்முன் வரும். எனக்கு அதைச் செய்ய விருப்பமில்லை, ஆனால் காட்சி நிற்காது. மாடிக்குப் போவதை நிறுத்தினேன். காய்கறிக் கத்தியை ஒளித்துவைத்தேன், யாரிடமிருந்து என்று தெரியாமலே. இப்படி நினைக்கிற ஒருத்தி தாயே அல்ல என்று முடிவுகட்டி, யாரிடமும் சொல்லவில்லை. என் இணையர் நல்லவர், ஆனால் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆறாம் மாதத்தில்தான் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் புறநோயாளிச் சீட்டு வாங்கினேன். மருத்துவர் நான் சொன்னதைக் கேட்டு அதிரவில்லை. "இது நிறையப் பேருக்கு வரும்மா. வெளியில சொல்றதில்ல, அவ்வளவுதான்" என்றார். இதை ஏன் முதல் மாதமே யாரும் என்னிடம் சொல்லவில்லை?

முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான பெண்களுக்கு உண்டு, தானே போய்விடும். போகாமல் நீடித்தால் அது மனச்சோர்வு, சிகிச்சை வேண்டும். ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு இல்லாத குரல் கேட்பது, நினைவு தடுமாறுவது என்று மனநோயாகவே வரும். அது அவசர சிகிச்சை, உடனே மருத்துவமனை. நம் ஊரில் அதற்குப் பேய் பிடித்தது என்று பெயர் வைத்து வேப்பிலை அடித்தார்கள்.

"மனச்சோர்வெல்லாம் நடுத்தர வர்க்கத்து நோய், மேல்நாட்டுச் சரக்கு" என்று சொல்லும் தோழர்களுக்குத் தமிழ்நாட்டுச் சரக்கையே காட்டுகிறேன். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், பேறுகாலத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 விழுக்காடு. அதே ஆண்டு வெளியான கோவா ஆய்வில் 23. இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த கட்டுரை 22 விழுக்காடு என்கிறது. ஐந்தில் ஒருத்தி. வேலூர் ஆய்வு கண்ட காரணங்களைக் கேளுங்கள்: குறைந்த வருமானம், ஆண்பிள்ளை வேண்டுமென்ற இடத்தில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவுச் சிக்கல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், கைக்கு உதவியாக ஆள் இல்லாதது. இதில் எது மேல்நாட்டுச் சரக்கு? வறுமையும் ஆணாதிக்கமும் பெற்றவள் தலைக்குள் புகுந்து என்ன செய்யும் என்பதற்கான பட்டியல் அல்லவா இது? பெற்றோரோடு உறவே அறுந்துபோன சாதிமறுப்பு மணப்பெண்ணை அந்தப் பட்டியலில் எங்கே வைப்பீர்கள்?

கிராம சுகாதார செவிலியர் என் வீட்டுக்கு வந்தார். குறை சொல்ல மாட்டேன், வெயிலில் நடந்து வந்தார். பால் வருகிறதா, தையல் ஆறியதா, குழந்தை எடை எவ்வளவு, அடுத்து என்ன குடும்பக்கட்டுப்பாடு என்று அவருடைய பதிவேட்டில் கட்டங்கள் இருந்தன. "தூங்குறியாம்மா?" என்ற கட்டம் இல்லை. எடின்பரோ அளவுகோல் என்று ஒன்று 1987 முதல் இருக்கிறது. பத்தே கேள்விகள், ஒரு தாளில் அடங்கும், தமிழில் சோதித்துச் சரிபார்த்த வடிவமும் உண்டு. குழந்தைக்கு 6, 10, 14ஆம் வாரங்களில் தடுப்பூசி போடுகிறோம். அன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பவள் தாய்தான். அரசு அவளைத் தேடிப் போகக்கூட வேண்டாம், எதிரில் நிற்கிறாள். பத்து நிமிடம் அவளிடம் பேச ஓர் ஆள் போட முடியாதா? பேறுகாலத்துக்குப் பின் பெண்களின் மனநிலையை இத்தகைய அளவுகோல் கொண்டு சோதிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இலேயே பரிந்துரைத்துவிட்டது.

இன்னொன்று. அந்தத் தோழிக்குப் பிரசவம் முடிந்ததும் கேட்காமலே காப்பர் டி போட்டுவிட்டார்கள். வீட்டுக்குப் போகும்போதுதான் சொன்னார்கள். இது புதிதல்ல, தமிழ்நாட்டுப் பேறுகால வார்டுகளில் இப்படி வழக்கமாகப் போடப்படுவதைப் பற்றி மானுடவியலாளர் சிசீலியா வான் ஹாலன் 1998இலேயே எழுதியிருக்கிறார். கருத்தடை பெண்ணின் விடுதலைக்காக என்றார் பெரியார். மக்கள்தொகைக் கணக்குக்காகக் கருத்தடை பேசியவர்களிடமிருந்து தன்னைத் தெளிவாகப் பிரித்துக்கொண்டார். பெரியார் பெயரைச் சொல்லும் மண்ணில் பெண்ணைக் கேட்காமலே அவள் கருப்பைக்குள் கருவியை வைப்பது எந்த விடுதலை? 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்கள் 37.9 விழுக்காடு, ஆண்கள் 0.3. இதற்குமேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

சட்டங்கள் இல்லையா என்றால், இருக்கின்றன. என் ஆய்வுத் துறை தொழிலாளர் வரலாறு என்பதால் பழைய அவைக் குறிப்புகளைப் புரட்டுவது என் வேலை. 1928 ஜூலையில் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்து அண்ணல் அம்பேத்கர் பேசினார். பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றார்; அந்தச் சுமையைப் பெரும்பாலும் அரசுதான் தாங்க வேண்டும் என்றும், அந்தப் பெண்ணின் உழைப்பில் பயன்பெறும் முதலாளிக்கும் அதில் பங்குண்டு என்றும் வாதிட்டார். பின்னர் வைசிராய் அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக, சுரங்கப் பெண்களுக்கான மகப்பேறு நலச் சட்டத்துக்கு 1943இல் திருத்தம் கொண்டுவந்தார். அவர் பேசியது நிலக்கரி சுமந்த பெண்ணுக்கும் ஆலைப் பெண்ணுக்கும் சேர்த்து.

இன்று எப்படி இருக்கிறது? தமிழ்நாட்டில் அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் ஊதியத்துடன் 365 நாள் விடுப்பு. மிக நல்லது, அதில் ஒரு நாளும் குறையக் கூடாது. பெரிய நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு 2017 திருத்தம் முதல் 26 வாரம். ஆய்வு மாணவிக்கு 240 நாள் விடுப்பு 'வழங்கலாம்' என்கிறது பல்கலைக்கழக மானியக் குழு. அந்த 'லாம்' எனக்கு என்ன செய்தது என்று நான்கு மாதம் ஒரு அலுவலக வாசலில் குழந்தையோடு நின்று தெரிந்துகொண்டேன். உதவித்தொகை அந்த நான்கு மாதமும் வரவில்லை.

என் அம்மாவைப் போன்றவருக்கு? முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டத்தில் 18,000 ரூபாய். அதில் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகங்கள், கையில் வருவது 14,000. ஆறு மாத ஓய்வுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 78 ரூபாய். நூறு நாள் வேலையில் 2025-26க்கு அறிவித்த நாள் கூலி 336. எழுபத்தெட்டை வாங்கிக்கொண்டு படுத்திரு என்றால் எவள் படுப்பாள்? இந்தத் தொகை வேண்டாம் என்று சொல்லவில்லை, இந்தியாவின் பல மாநிலங்களில் இதுவும் இல்லை. ஒருத்தியின் பச்சை உடம்புக்கு ஓராண்டுச் சம்பளமும் இன்னொருத்தியின் பச்சை உடம்புக்கு எழுபத்தெட்டு ரூபாயும் என்று பிரித்தது யார் என்று மட்டும் கேட்கிறேன்.

தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு நலச் சட்டம் பொருந்தும் என்று தில்லி மாநகராட்சி வழக்கில் 2000ஆம் ஆண்டிலேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் சட்டப்படி, பேறுக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் அந்த முதலாளியிடம் வேலை செய்திருக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்த தூய்மைப் பணியாளர்களை நினைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தலித் பெண்கள். ஒப்பந்ததாரர் மாறினால் பழைய 80 நாளை அவர் எந்தப் புது முதலாளியிடம் காட்டுவார்? தனியார்மயம் என்ற சொல்லுக்குள் ஒரு கர்ப்பிணியின் எண்பது நாளும் இருக்கிறது. நம் துண்டறிக்கைகளில் அது வரவில்லை.

அரசைக் கேட்பதோடு நான் நிறுத்தப் போவதில்லை, தோழர்களே. ஆணவக்கொலைக்குத் தனிச்சட்டம் கேட்கிறோம், கேட்டே ஆக வேண்டும். சாதிமறுப்புத் திருமணத்தை மண்டபம் பிடித்து நடத்துகிறோம், படம் எடுத்துப் போடுகிறோம். பத்து மாதம் கழித்து அந்தப் பெண் வார்டில் "யாரும் வரல" என்று சொல்லும்போது எங்கே போகிறோம்? சாதியை உதறிவிட்டு வா என்று அழைத்தவர்கள் நாம். அவள் உதறியதில் தாய்வீடும் இருந்தது. கல்யாணத்துக்கு நூறு பேர் வந்தோமே, அதில் ஐந்து பேருக்குச் சுறாப்புட்டு செய்யத் தெரியாதா? தெரியாவிட்டால் கற்றுக்கொள்ளக் கூடாதா? இதைப் பெண் தோழர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று உடனே ஒரு பெண்கள் குழு அமைத்துவிடாதீர்கள். இரவு இரண்டு மணிக்குக் குழந்தையைத் தோளில் போட்டு நடக்க மார்பு தேவையில்லை. துணி துவைக்கவும், தாயை மருத்துவமனைக்கு அழைத்துப் போகவும், கூட்டத்தை ஒத்திவைக்கவும் ஆண்களால் முடியும்.

இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்களில் அண்மையில் பிள்ளை பெற்றவர் யாரேனும் இருந்தால்: உங்களுக்கு வரும் நினைவுகளைச் சொல்ல 14416 என்ற இலவச எண் இருக்கிறது, தமிழில் பேசலாம். நான் ஆறு மாதம் காத்திருந்தேன், நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

அம்மாவைப் போன வாரம் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். மூன்று முறை வரமாட்டேன் என்றார், நான்காம் முறை வந்தார். பரிசோதித்த மருத்துவர் இளம்பெண். "இவ்வளவு நாள் எப்படிம்மா இருந்தீங்க?" என்று கேட்டார். அம்மா பதில் சொல்லாமல் சிரித்தார். அடுத்த மாதம் அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதன்பின் ஆறு வாரம் குனியக் கூடாது, குடம் தூக்கக் கூடாது. "ஆறு வாரமா?" என்று அம்மா என்னைத்தான் பார்த்தார். தம்பி இரண்டு வாரம் விடுப்புப் போடுகிறேன் என்றிருக்கிறான். அப்பா சோறாக்கக் கற்றுக்கொள்கிறேன் என்கிறார். ஆட்டை யார் பார்ப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.